பெற்றோர் விட்டுச்செல்லும் பங்கு

தன் வீட்டாரைப் பராமரிப்பது இறைநம்பிக்கையின் ஒரு பகுதி என்பதைத் திருமறை ஐயத்துக்கு இடமின்றிப் போதிக்கிறது. சொந்தக் குடும்பத்தை ஆதரிக்காதவன் விசுவாசத்தையே கைவிட்டவன் ஆகிறான் என்ற கருத்தைப் பவுலடியார் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் முன்வைக்கிறார். நல்ல மனிதனின் சொத்து பேரப்பிள்ளைகள் வரை சென்று சேரும் என்ற பொருளில் நீதிமொழிகள் பேசுகிறது. அதே திருமறையில், சகோதரனிடமிருந்து பங்கைப் பிரித்து வாங்கித் தருமாறு ஒருவன் கேட்டபோது, இயேசு பாகப்பிரிவினை செய்யும் நடுவராக இருக்க மறுத்துப் பொருளாசையைக் குறித்து எச்சரித்ததை லூக்கா பதிவு செய்கிறார். இவ்விரு போதனைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பிள்ளைகளுக்குச் சேர்த்து வைப்பது கடமை. சேர்த்தது எவ்வழியில் வந்தது என்பதற்குக் கணக்கு ஒப்புவிப்பதும் அதே கடமையின் மறுபாதி. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்டிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட உயில்கள் இவ்விரு பாதிகளும் எங்கே இணைந்தன, எங்கே பிரிந்தன என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

அக்காலத்தில் உயில் எழுதுவது ஒரு சமயச் செயலாகவே கருதப்பட்டது. உயில் பெரும்பாலும் கடவுளின் பெயரால் தொடங்கி, ஆன்மாவைப் படைத்தவரிடமும் உடலை மண்ணிடமும் ஒப்படைத்து, உயிர்த்தெழுதலில் உள்ள நம்பிக்கையை அறிக்கையிட்ட பின்னரே, இவ்வுலகில் இறைவன் தந்த பொருள்கள் என்ற குறிப்போடு நிலத்தையும் கால்நடைகளையும் பிரிக்கத் தொடங்கும். உடைமை யாவும் இறைவனுடையது, மனிதன் அதன் உக்கிராணக்காரன், அதாவது பொறுப்பேற்று நடத்தும் காரியஸ்தன் மட்டுமே என்ற கொள்கை அந்த வரிசை முறையிலேயே அடங்கியிருந்தது.

சில குடியேற்றங்களில் சட்டமும் திருமறையைத் தழுவியே அமைந்தது. இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த விரும்பிய பியூரிட்டன்கள் குடியேறிய மாசசூசெட்ஸில் 1641இல் ஏற்கப்பட்ட உரிமைச் சட்டத்தொகுப்பு, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்று விதித்தது. இது உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் கட்டளையை ஒத்தது. ஆண்மக்கள் இல்லாத வீட்டில் மகள்கள் கூட்டாகப் பாத்தியதை பெற்றனர். எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் தந்தையின் பங்கைக் கேட்டுப் பெற்ற நிகழ்ச்சி இதற்கு முன்மாதிரியாக நிற்கிறது. மனைவிக்குப் போதிய பங்கை விடாமல் கணவன் இறந்தால், அவள் முறையிட்டு நிவாரணம் பெறவும் அச்சட்டம் வழிசெய்தது. வர்ஜீனியாவிலோ, உயில் இல்லாதபோது நிலம் முழுவதும் மூத்த மகனையே சேரும் ஆங்கிலேய வழக்கம் 1785இல் ஒழிக்கப்படும்வரை நீடித்தது.

உயில்களின் உட்பகுதியில் குடும்பப் பரிவு நுணுக்கமாக வெளிப்படுகிறது. கைம்பெண்ணுக்குக் கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை வழக்கத்தில் இருந்தபோதும், பல தந்தையர் அதோடு நிற்காமல், அவள் தங்குவதற்கான அறை, கிணற்றுக்கும் அடுப்புக்கும் போய்வரும் உரிமை, ஆண்டுதோறும் மகன் வெட்டித் தரவேண்டிய விறகு, அளந்து தரவேண்டிய தானியம், கறவைக்கு ஒரு பசு என்று தனித்தனியாக எழுதி வைத்தனர். மகன்களுக்கு நிலமும் மகள்களுக்குக் கால்நடை, படுக்கை, பாத்திரங்களும் செல்வது பெருவழக்கு. நிலத்தின் உரிமையைத் தந்தை சாகும்வரை தம் கையிலேயே வைத்திருந்ததால், வளர்ந்த மகன்களும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நெடுங்காலம் காத்திருந்த குடும்பங்களும் உண்டு; ஆகவே பிள்ளைப்பாசத்தோடு அதிகார ஆசையும் உயிலில் குடிபுகக் கூடும்.

அதைவிடக் கொடிய ஒன்றும் அவ்வுயில்களில் இடம்பெற்றது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்று 1662இலும், அடிமைகள் வாரிசுரிமைக்கு நிலத்தைப் போன்ற அசையாச் சொத்து என்று 1705இலும் வர்ஜீனியா சட்டம் இயற்றியது. அடிமை முறை வேரூன்றிய குடியேற்றங்களில், கடவுளின் பெயரால் தொடங்கிய உயில் சில வரிகளுக்குப் பின் ஓர் ஆப்பிரிக்கத் தாயை ஒரு மகனுக்கும் அவள் பெற்ற பிள்ளையை வேறொருவருக்கும் பிரித்துக் கொடுத்தது. ஒரு குடும்பம் நிலைபெற வேண்டும் என்பதற்காக வேறொரு குடும்பம் துண்டாடப்பட்டது.

இந்தப் பாவத்தை உயில் எழுதும் மேசையிலேயே எதிர்கொண்டவர் ஜான் வூல்மன் (1720–1772). நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹாலியில் வாழ்ந்த அவர், ஒவ்வொரு மனிதனிலும் இறையொளி உண்டு என்று நம்பிய குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். தையல் தொழிலோடு பத்திரமும் உயிலும் எழுதிக் கொடுத்துவந்தார். 1742இல், தாம் வேலை பார்த்த கடையின் முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றபோது, மனம் உறுத்தியும் அவர் விற்பனைப் பத்திரத்தை எழுதிவிட்டார். அந்த உறுத்தல் பின்னர் உறுதியாக முதிர்ந்தது. உடலில் பலத்த அடிபட்டுக் கிடந்த அண்டை வீட்டார் ஒருவர், அக்கால வைத்திய முறைப்படி இரத்தம் வடித்துவிட வூல்மனை அழைத்து, பின் உயிலும் எழுதச் சொன்னார். வூல்மன் அவரிடமிருந்த அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு எழுதி, படுக்கையருகே படித்துக் காட்டி, கூலி வேண்டாம், அந்தப் பகுதியை எழுதத் தம் மனம் இடம் தரவில்லை என்று அன்போடு தெரிவித்தார். நெடுநேரம் பேசியபின் நோயாளி அவளை விடுவிக்க இசைந்தார், உயிலும் நிறைவுற்றது.

மற்றொரு முதியவர், வூல்மன் மறுத்ததால் வேறொருவரிடம் உயில் எழுதிக்கொண்டு, சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தார். ஒழுங்கற்றுத் திரிந்த தம் மகன் இப்போது திருந்திவிட்டதால், அடிமைகளை அவனுக்கு எழுதிவைக்க வூல்மன் இசைவார் என்று அவர் எதிர்பார்த்தார். வூல்மன் அப்போதும் எழுதித் தரவில்லை. பெறுபவன் நல்லவனாகிவிட்டான் என்பதால் கொடுக்கப்படும் பொருள் நியாயமானதாகிவிடாது என்பதே இந்நிகழ்ச்சி புகட்டும் படிப்பினை. சில நாள் கழித்து அம்முதியவரே மீண்டும் வந்து, அடிமைகளுக்கு விடுதலை என்று எழுதச் சொன்னார். வூல்மன் அவரைப் பழிக்கவில்லை, அச்சுறுத்தவுமில்லை. எழுத மறுத்ததன் மூலம் அம்முதியவரின் மனச்சாட்சி பேசுவதற்கு இடம் விட்டார்.

அடிமைகளை வைத்திருப்பதைக் குறித்து 1754இல் வெளியிட்ட நூலிலும், பிள்ளைகள்மீது கொண்ட இயல்பான பாசம் பொருளாசைக்குச் சாக்காக மாறக்கூடும் என்பதை வூல்மன் எடுத்துரைத்தார். தமக்கும் மனைவியும் மகளும் இருந்தபோதிலும், பெருகிவந்த வியாபாரத்தைத் தாமாகவே சுருக்கிக்கொண்டார். 1758இல் பிலடெல்பியாவின் குவேக்கர் ஆண்டுப் பேரவை, அடிமைகளை வைத்திருந்த சபையாரை வீடுதேடிச் சென்று சந்திக்க ஒரு குழுவை அமைத்தது. அதில் வூல்மனும் இடம்பெற்றார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1776இல், அடிமைகளை வைத்திருப்பது அப்பேரவையின் உறுப்பினர்களுக்கு அறவே தடைசெய்யப்பட்டது.

ஆகவே உயில் எழுத அமரும் பெற்றோர், யாருக்கு எவ்வளவு என்று கணக்கிடுமுன், இது யாருடைய உழைப்பால் வந்தது, யாருக்குச் சேரவேண்டியது தங்களிடம் தங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு பொருளைக் குறித்தும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். நியாயமாக வந்த சிறு நிலமும் பிள்ளைக்கு ஆசீர்வாதம். பறித்துச் சேர்த்த பெருஞ்செல்வமோ பறிக்கும் பழக்கத்தையும் சேர்த்தே அவனுக்குக் கையளிக்கிறது. எரிகோவின் வரித்தலைவனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தபோது தன் மரணம் வரை தவணை கேட்கவில்லை. பிறருடையதைத் தம் வாழ்நாளிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைப் பிள்ளைகளுக்குப் பங்கிடுவதே தேவனுக்கு உகந்த பராமரிப்பு.