பொது வாசகர் எந்தத் தெரு?

பொது வாசகர் என்று ஒருவரைப் பற்றி நூலகக்காரர்கள் அடிக்கடி பேசுகிறார்கள். பொது வாசகருக்கு இந்த மொழி பிடிக்காது, பொது வாசகருக்கு நல்ல நாவலா நாலு போடுவோம், தலைவர்கள் வரலாறு நாலு போடுவோம் என்கிறார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலுமாகப் பதினைந்து வருசம் நூலகங்களுக்குப் போய்வருகிறேன். அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் பேப்பர் படிக்க வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள், ரமணிசந்திரன் நாவல் தேடுகிற அக்காக்கள், சிமெண்ட் ஆலையில் ஷிப்டு முடிந்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளி. ஒவ்வொருவருக்கும் ஒரு தெரு இருக்கிறது. அப்படியானால் 'பொது' என்று சொல்லும்போது யார் தெருவை மனசில் வைத்துச் சொல்கிறார்கள்?

வரி வாங்கும்போது மட்டும் இந்தக் குழப்பம் கிடையாது. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், ரூபாய்க்கு 10 பைசா. ஊர்த்தெரு மாடி வீட்டுக்கு உள்ளது போலக் காலனி ஓட்டு வீட்டுக்கும் ரசீதில் அந்த வரி உண்டு. நம்ம சனங்க காசும் சேர்ந்துதான் அலமாரி நிறைகிறது. அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்பது அதனால் ரசனைப் பிரச்சினை மட்டும் இல்லை, நியாயப் பிரச்சினை.

எம்.ஏ. தமிழ் படித்தபோது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தேன். அரியலூர் வருகிறது, குன்னம் வருகிறது, செங்கணம் வருகிறது. நான் பஸ்ஸில் போகிற ஊர்கள். சடகோபையங்காரிடமும், குன்னம் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் ஒரு பையன் தமிழுக்காக அலைந்த கதையை ராத்திரி முழுக்கப் படித்தேன். நல்ல புத்தகம். நூலகத்தில் அது இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

ஆனால் அதே குன்னத்தில், அதே வருசங்களில், நாற்று நட்டுக் கதிர் அறுத்த சனம் இருந்தது. அந்தச் சனத்துப் பையன் எந்தத் திண்ணையில் ஏறிப் படித்தான்? அதைச் சொல்லும் கடமை சாமிநாதையர் புத்தகத்துக்கு இல்லை. அவர் தன் கதையைச் சொன்னார். கடமை நூலகத்துக்குத்தான். ஒரு புத்தகம் ஒரு தெருவிலிருந்து பேசலாம், அலமாரி அப்படிப் பேசக் கூடாது.

'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940இல் தொடராக வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருசம் இரட்டைமலை சீனிவாசன் தன் வரலாற்றை வெளியிட்டார். பேரே 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்தவருடைய வாழ்க்கை, கையடக்கச் சுருக்கமாக வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடிமனே ஒரு பாடம் சொல்லும்.

இதையெல்லாம் ஒரு கிளை நூலகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது நூலகர் சிரித்தார். "இருக்கு தம்பி. பாமாவோட 'கருக்கு' இருக்கு. நம்ம பெரம்பலூர்க்காரங்க சிவகாமி எழுதின நாவலும் இருக்கு. யாரும் கேக்கலியே, நான் என்ன பண்றது?" இருந்தது கண்ணாடி பீரோவுக்குள், பூட்டி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. புத்தகம் அவர் தேர்ந்தெடுப்பதில்லை. சென்னையில் குழு பார்த்து, ஆணை போட்டு, கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. ஆனாலும் 'யாரும் கேக்கல' என்பது பதிலாகாது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது ஒரு விதி. அதற்கு அடுத்ததே ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது. அதாவது புத்தகத்துக்கு ஆள் தேடுவதும் நூலகத்தின் வேலை. தன்னைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்றே தெரியாதவள் அதை எப்படிக் கேட்பாள்?

இதற்கு நம்ம ஆட்களில் சிலர் சொல்லும் வழி, தலித் நூல்களுக்குத் தனி அலமாரி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு தெரு போதாதா, நூலகத்துக்குள்ளும் ஒன்றா? 'கருக்கு' தன்வரலாறுகளோடு சாமிநாதையர் பக்கத்தில் இருக்கட்டும். தப்பித் தவறிக் கைபட்டு ஊர்த்தெருப் பையன் எடுக்க வேண்டும். நம்ம பிள்ளைகளுக்கும் நம்ம கதை மட்டும் போதாது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து நூலகத்தில் கறுப்பருக்குப் புத்தகம் தராத காலத்தில், ரிச்சர்ட் ரைட் ஒரு வெள்ளைக்காரரின் அட்டையை வாங்கி, அவருக்காக எடுக்க வந்த மாதிரிச் சீட்டு எழுதிக் கொடுத்துப் புத்தகம் எடுத்தார். 1945இல் வந்த 'கறுப்புப் பையன்' தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அப்படி எடுத்துப் படித்ததில் சின்க்ளேர் லூயிஸ் எழுதிய வெள்ளைக்காரர் கதையும் ஒன்று. அதைப் படித்த பிறகுதான் தன் முதலாளி எப்பேர்ப்பட்ட ஆள் என்று அவருக்குப் பிடிபட்டது. காலனிப் பெண் டால்ஸ்டாயும் படிக்கட்டும், பேய்க்கதையும் படிக்கட்டும். எப்பவும் வலியையே படி என்று அவளுக்கு உத்தரவு போட நாம் யார்?

வாழ்க்கை வரலாறு விசயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அம்பேத்கர் புத்தகம் எல்லா நூலகத்திலும் இருக்கும், சின்னதாக. கஷ்டப்பட்டுப் படித்தார், சட்டம் எழுதினார், முடிந்தது. 1927இல் மகாத் குளத்தில் இறங்கியதும் 1956இல் நாகபுரியில் மதம் மாறியதும் ஆளுக்கொரு வரி. ஆளை வைத்துக்கொண்டு அவர் சண்டையை வெளியே தள்ளுகிற வரலாறு அது.

கஷ்டமான கேள்வி வேறு இருக்கிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம்மிடையே பெரிய சண்டை. காலனிக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியத்தை நம்ம சனமே நடத்துகிற விதத்தை அது சொல்கிறது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலில் காத்தமுத்து சேரித் தலைவன், ஊரை எதிர்க்கத் துணிந்தவன், வீட்டில் பெண்களை ஆள்கிறவன். இவற்றை வாங்கச் சொல்லி நூலகப் பரிந்துரை ஏட்டில் எழுதலாம் என்றேன். கூட இருந்த தோழர் ஒருவர் கொதித்துப்போனார். "நம்ம அழுக்க ஊர்க்காரன் படிச்சு சிரிக்கணுமா தோழர்?"

அந்தப் பயம் பொய்யில்லை, சிரிப்பார்கள்தான். ஆனால் ஆரோக்கியம் மாதிரி ஒருத்தியின் பேத்தியும் அந்த நூலகத்துக்கு வருகிறாளே, அவளுக்கு நாம் யார்? நாம் பூட்டி வைத்தால் அவளுக்கு நாம்தான் ஊர்த்தெரு. தங்கள் பெண்களைக் கேவலப்படுத்திவிட்டான் என்று 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகக் கூடி, 2015 ஜனவரியில் பெருமாள்முருகனை எழுத்தை விடுகிறேன் என்று சொல்லவைத்தார்களே, அவர்களுக்கும் நமக்கும் அப்புறம் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

தோழருக்கு இன்னும் சம்மதமில்லை. அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார். அதற்குள் 'கோவேறு கழுதைகள்' படித்துவிட்டு வரச் சொன்னேன். எங்கள் பக்கத்து நூலகத்தில் இல்லை, என் பிரதியைத்தான் கொடுத்திருக்கிறேன்.