முன்னோர் ஊரைத் தேடுதல் தகுமோ?



பிறப்பினால் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை என்று உறுதி கொண்டவன் பௌத்தன். அவன் தன் பாட்டனுக்குப் பாட்டன் யார், எவ்வூரான் என்று தேடித் திரிவது தகுமோ? குலத்தை விட்டொழித்தவனுக்குக் குலமுறை கிளத்துவதால் ஆகும் பயன் யாது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் வாதத்திற்காக எழுப்பும் வினா அன்று. சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியோர் தொகை 1,52,184. அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். சித்தூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அந்நாள் வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து சென்றோர் மிகப் பலர். ஒப்பந்தம் ஐந்தாண்டு, முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங், செய்த வேலை பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தில். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று கப்பற் பட்டியலின் நகலொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு நம் ஊர்களைத் தேடி வருகின்றனர்.

அப்பட்டியலில் என்ன இருக்கிறது? எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகியவை இருக்கின்றன. இவற்றின் நடுவே சாதி என்றொரு கட்டமும் இருக்கிறது. இங்கேதான் நம் வினா பிறக்கிறது. ஊரைத் தேடி வந்தவன், தேடாத சாதியையும் உடன் பெறுகிறான். அக்கட்டத்தில் உயர்ந்ததாகச் சொல்லப்படும் பெயரைக் கண்டால் நெஞ்சு நிமிர்கிறது. தாழ்ந்ததாகச் சொல்லப்படும் பெயரைக் கண்டால் முகம் வாடுகிறது. இரண்டும் மயக்கமே. நேற்று வரை அறியாத ஒரு சொல், ஒருவனை இன்று எங்ஙனம் உயர்த்தும்? எங்ஙனம் தாழ்த்தும்?

ஆலைத் தொழிலாளியாக இருந்த காலத்தில் யானும் வருகைப் பதிவேட்டில் ஓர் எண்ணாகவே பல ஆண்டுகள் வாழ்ந்தவன். என் எண்ணைக் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்பேன். ஆயினும் அந்த ஏட்டில் என் பசி இல்லை, என் தோழமை இல்லை, இரவுப் பாளி முடிந்து விடியலில் வீடு திரும்பிய களைப்பும் இல்லை. ஏட்டை எழுதியவன் தனக்கு வேண்டியதை மட்டுமே எழுதினான். கப்பற் பட்டியலும் அத்தகையதே. அது முன்னோனைக் கண்டுகொள்ள உதவும் அடையாளமேயன்றி, அவனே ஆகாது.

தேடும் ஊராவது நிலைத்து நிற்கிறதா? சித்தூர் 1911-இல் தனி ஜில்லா ஆயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. நெல்லூரைச் சேர்ந்திருந்த நம் சூளூர்பேட்டை 2022-இல் திருப்பதி மாவட்டத்திற்குள் வந்தது. வீதிப் பலகையின் எழுத்தும் மாறிற்று. ஊர், பெயர், எல்லை ஆகிய அனைத்தும் அநித்தியம் என்பதை இதனினும் தெளிவாக எந்த நூல் கூறும்?

அங்ஙனமாயின் தேடுதலே கூடாதோ? அவ்வாறு முடிவு கட்டுவதற்கு முன், தீக நிகாயத்தின் மூன்றாம் சுத்தத்தை நினைவிற் கொள்வோம். அம்பத்தன் என்னும் அந்தண இளைஞன் சாக்கியரை இழிகுலத்தார் என்று பகவானின் முன்னிலையிலேயே பழித்தான். பகவான் அவனுடைய கோத்திரத்தை வினவி, அதன் முதல்வனாகிய கண்ணன் ஒக்காக மன்னனின் அடிமைப் பெண் ஒருத்தியின் மகன் என்பதை எடுத்துக் காட்டினார். செருக்கு அடங்கிற்று. உடனே உடன்வந்த இளைஞர்கள் அம்பத்தனை அடிமை வழியினன் என்று எள்ளத் தொடங்கினர். பகவான் அவர்களையும் தடுத்து, அக்கண்ணன் பெரிய முனிவனாக விளங்கினான் என்று அருளினார்.

இதனை ஊன்றி நோக்குக. குலவரலாற்றைப் பகவான் மறைக்கவுமில்லை; போற்றவுமில்லை. முதலில் அதைக்கொண்டு இறுமாப்பை அறுத்தார். பின்னர் அதைக்கொண்டே இகழ்ச்சியை அறுத்தார். மூதாதையரை அறிவது குற்றமன்று. அவ்வறிவு எதற்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

ஆகவே தேடுவோர் மூன்றினைத் தேடுக. முதலாவது, துக்கத்தின் காரணம். நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் 1866-இல் நின்று 1874-இல் மீண்டும் தொடங்கிற்று. அடுத்து 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம் வந்தது. முன்னோன் ஏன் கடல் கடந்தான் என்பதற்கு விடை பசியிலும் கடனிலும் சாதிக் கொடுமையிலும் கிடக்கிறது. இரண்டாவது, முயற்சி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரி சுமத்தியது. 1913-இல் சுரங்கத்தாரும் தோட்டத்தாரும் வேலைநிறுத்தம் செய்தனர். 1914-இல் வரி ஒழிந்தது. மூன்றாவது, தம்மம். அயோத்திதாச பண்டிதர் 1898-இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை நேட்டால் வரை பரவியது. கடல் தாண்டியவன் கூலியை மட்டுமன்றிச் சரணத்தையும் தேடினான்.

அரசுகள் இரத்தத்தைத் தலைமுறைக் கணக்கில் அளக்கின்றன. இத்தாலி தன் நாட்டிலிருந்து குடிபெயர்ந்தோரின் வழியினர்க்கு எல்லையின்றி வழங்கிவந்த குடியுரிமையை 2025-இல் பெற்றோர், பாட்டன் பாட்டி என்ற அளவிற்குள் சுருக்கியது. நன்றியறிதலுக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. ஒரு விளக்கின் சுடரால் மற்றொன்றை ஏற்றினால், பின்னது முன்னதே என்றும் சொல்லலாகாது. முற்றிலும் வேறு என்றும் சொல்லலாகாது. முன்னோனுக்கும் நமக்கும் உள்ள உறவு அத்தகையதே. அவன் சாதி நமதன்று; அவன் பட்ட பாட்டின் பயன் நமது.

இங்கேயே தங்கிவிட்ட நமக்கும் ஒரு கடமை உண்டு. கப்பலேறியவன் பெயரும் அவன் தகப்பன் பெயருமாவது ஏட்டில் ஏறின. நிலமற்றவனாய் இங்கேயே உழுது மாண்ட நம் பாட்டனுக்குப் பட்டாவும் இல்லை, பட்டியலும் இல்லை. ஆதலின், வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு அவர்கள் அறிந்த பெயர்களை இன்றே எழுதி வையுங்கள். அவ்வேட்டில் சாதிக்கு ஒரு கட்டம் வரையாதீர்கள். கடல் கடந்து ஒருவர் ஊர் தேடி வந்தால், எந்தத் தெருவினர் என்று வினவாமல், ஏரிக்கரையையும் இடுகாட்டையும் காட்டி, ஒரு வேளை உணவிட்டு அனுப்புங்கள். முன்னோரின் பெயரால் அந்த அன்னதானம் நடக்கட்டும்.

வேரைத் தேடுக, வேரில் ஒட்டிய நஞ்சை உதறுக. எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க!