திருட்டு டிவிடியை எந்தத் தட்டில் வைப்பது?

பழைய டிஸ்க்குகளை ஒழுங்கா அடுக்கி வைக்கணும் என்று உட்காரும் எவருக்கும் முதல் அரைமணி நேரம் சுலபமாகப் போகும். தமிழ் தனி, ஹாலிவுட் தனி, பாட்டு சிடிகள் தனி. பிறகு ஒரு பிளாஸ்டிக் உறை கையில் வரும். மேலே மங்கலான ஜெராக்ஸ் அட்டை, உள்ளே பர்மா பஜாரில் வாங்கிய குரோசவா. இதை ஒரிஜினல் டிவிடி பக்கத்தில் வைப்பதா, வேறு பெட்டியில் போடுவதா? இடம் தேடும்போதே இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது: திருட்டு வழியில் வந்த ஒன்று நம் ரசனையை வளர்த்திருந்தால், அதற்கு நாம் யாருக்கு, என்ன பாக்கி?

"வேற வழி இல்ல" என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. டிவிடிக்காக உலகத்தையே ரீஜன்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அமெரிக்கா 1, ஜப்பான் 2, இந்தியா 5. அமெரிக்காவிலிருந்து காசு கொடுத்து வரவழைத்த ஒரிஜினல், நம்ம ஊர் பிளேயரில் ஓடாமல் போகலாம். பணம் கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் கதவு சாத்தியே இருந்தது. இந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதே பெட்டியில், பக்கத்துத் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் படத்தின் திருட்டு விசிடியும் இருக்கே! அதற்கு இது ஒட்டாது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு குண்டர் சட்டத்துக்குள் 2004-இல் வீடியோ திருட்டையும் கொண்டுவந்தார்கள். (ஜப்பானில் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்ததும் அதே 1982-இல்தான்.) சட்டம் குறிவைத்தது பிரதி எடுத்து விற்றவர்களை. வாங்கியவரின் அலமாரி அவர் மனசாட்சியிடம் விடப்பட்டது.

டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் சிக்கல் கூடும். தொழிற்சாலையில் அச்சான டிவிடியில் படம் நுண்ணிய குழிகளாகப் பதிந்திருக்கும். ரைட் பண்ணிய டிஸ்க்கில் அது ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. பின்பக்கம் ஊதா அடிக்கும். வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் கெடும். நிழலில், செங்குத்தாக நிறுத்தி வைத்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். காப்பாற்ற வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்கணும். அதாவது, இன்னொரு முறை. அன்றைக்கு வேற வழி இல்ல என்று சொன்னவர், இன்றைக்கும் அதையே சொல்ல முடியுமா?

எனக்குத் தோன்றுவது இது. இன்று முறையாகக் கிடைக்கும் படமென்றால் அந்த டிஸ்க் செத்துப்போகட்டும். காசு கொடுத்துப் பாருங்கள். எங்குமே கிடைக்காததென்றால் பிரதி எடுங்கள், கிடைக்கிற அன்றைக்கு வாங்கிவிடுங்கள். அடுக்கும்போது தனிப்பெட்டி மட்டும் வேண்டாம். அது நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விடும், அதோடு பாக்கியும் மறந்துபோகும். இயக்குநர் பெயரின் கீழ் எல்லாவற்றையும் சேர்த்தே வையுங்கள். உறையில் மட்டும் (டிஸ்க் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள்) எங்கே, எவ்வளவுக்கு வாங்கியது என்று குறித்துவிடுங்கள். நாளைக்கு அந்த அலமாரியைத் திறக்கும் பிள்ளைக்கு எது சொத்து, எது கடன் என்று தெரியணும்.

தியேட்டரில் கேமரா வைத்துப் பிடித்த பிரிண்ட்டுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. படம் இன்று முறையாகக் கிடைக்கிறது. நான் சொன்ன கணக்குப்படி தூக்கிப்போடணும். ஆனால் அதில் ஹீரோ வரும்போது விசில் கேட்கிறது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ ஒருவரின் தலை திரையைக் கடந்து போகிறது. அந்த விசிலும் அந்தத் தலையும் வேறெந்தப் பிரதியிலும் இல்லை.