குனிந்த முதுகு யாருடையது?

விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் மெட்டு ஏறுகின்றன. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஏலத்தோட்டங்களிலிருந்து மாலையில் திரும்பும்போது பேச்சுக்கூட இருக்காது. அவர்களைப் பற்றி நானும் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். அதில் அவர்களின் விரல்கள் ஏலம் மணக்கும். வாசித்த என் மாணவி, "எங்கம்மா விரல்ல மருந்து வாடைதான் மேடம் அடிக்கும்" என்றாள்.

அதே மாணவியைக் கல்லூரி விழாவில் மலைப்பெண் நடனம் ஆடவைத்தோம். முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு, நிமிர்ந்த நடை. பார்க்க வந்த அவள் தாய் சொன்னார்: "இது தேயிலை பறிக்கிறதும்மா. ஏலத்த நின்னுக்கிட்டுப் பறிக்க முடியாது." உண்மைதான். ஏலம் தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், தரையையொட்டிக் காய்க்கிறது. பறிப்பவள் குனிய வேண்டும், குத்தவைக்க வேண்டும், விளைந்த காயைப் பிஞ்சிலிருந்து பிரித்தறிய வேண்டும்.

பிறர் உழைப்பின் உடலசைவை மேடைக்கு எடுத்துச் செல்வது மரியாதையா, களவா?

டிரினிடாடில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த கறுப்பின நடனக்கலைஞர் பேர்ல் பிரைமஸ், 1944இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போய், குத்தகை விவசாயிகளோடு பருத்தி பறித்தார். கேத்தரின் டன்ஹாம் சிகாகோவில் மானுடவியல் படித்தவர். 1935இல் கரீபியத் தீவுகளுக்குப் போனார். ஹெய்ட்டியின் சடங்காட்டங்களை ஆடியே கற்றார். முதுகெலும்பும் இடுப்பும் முழங்காலும் அங்கே பேசிய மொழியைப் பின்னாளில் முறையான பயிற்சியாக வகுத்தார். 'பிறவிச் சுபாவம்' என்று வெள்ளையர் ஒதுக்கியதை அறிவு என்று நிறுவினார்கள் இருவரும்.

ஆனாலும் பிரைமஸால் பருத்திக்காட்டிலிருந்து திரும்பிவர முடிந்தது. கூடப் பறித்தவர்கள் மறுநாளும் அங்கேயே குனிந்திருப்பார்கள். கற்றுக்கொள்வதால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது.

நம் கடன் இன்னும் பெரியது. சதிராடிய பெண்களின் கலையை 1930களில் மேல்சாதி மேடை எடுத்துக்கொண்டது. 1935இல் ருக்மிணி தேவி அரங்கேறினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான். ஆனால் ஆட்டம் புனிதப்பட்டு நிலைத்தது. ஆடிவந்த குடும்பங்களில் பெரும்பாலானவை மேடையை இழந்தன. பாலசரஸ்வதி போன்ற சிலரே தாக்குப்பிடித்தார்கள்.

பக்கத்துத் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையை அடித்தபடியே ஆடுகிறார்கள். சாவுக்கு அடிப்பது என்று இழிவுபடுத்தப்பட்ட கருவி, ஆண்கள் கையிலேயே இருந்த கருவி. இழிவைச் சுமந்தவர்களின் பிள்ளைகளே அங்கே கைதட்டலையும் வாங்குகிறார்கள். யார் ஆடலாம் என்பதைவிட, ஆடி முடித்தபின் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்பதே எனக்கு நேர்மையாகப் படுகிறது.

மறு ஆண்டு அந்த மாணவி தாயிடமே கற்றாள். "இதெல்லாம் ஒரு ஆட்டமாடி?" என்று சிரித்துக்கொண்டே அவர் குத்தவைத்துக் காட்டினாராம். அழைப்பிதழில் 'பயிற்சி' என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டோம். விழாவுக்கு அவர் வரவில்லை. அன்று பறிப்பு, வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். பெயரைப் போடத் தெரிந்த எங்களுக்கு அந்தக் கூலியைக் கொடுக்கத் தோன்றவில்லை.

என் கவிதையும் அப்படியேதான் இருக்கிறது. அச்சான பிரதிகளில் அந்த விரல்கள் இன்னும் மணந்துகொண்டிருக்கின்றன.