பொறாமையும் போதுமென்ற மனமும்

போதுமென்ற மனத்தைப் பற்றி நாம் பேசுமிடத்தெல்லாம் அன்பர் ஒருவரேனும் எழுந்து ஒரு வினாவை விடுக்கின்றார். "உள்ளதைக்கொண்டு திருப்தியாயிரு என்று நம் பாட்டன்மார்க்கு உபதேசித்தவர்கள், அவர்களுக்கு ஒன்றும் கிட்டாதபடி செய்தவர்களேயன்றோ? பகவன் புத்தரும் அதையேதான் சொல்கின்றாரா?" என்பதே அவ்வினா. இதனைத் தட்டிக்கழித்தல் தகாது.

தேவரும் மானிடரும் பகையின்றி வாழவே விரும்புகின்றனர். ஆயினும் பகையோடேயே வாழ்கின்றனர். காரணம் யாது என்று தேவர்க்கரசனாகிய சக்கன் பகவனிடம் வினவினான். தீக நிகாயத்துச் சக்கபஞ்ஹ சுத்தத்தில் இவ்வுரையாடல் உள்ளது. பகவன் காட்டிய காரணம் இரண்டு: இஸ்ஸா, மச்சரியம். முன்னது பிறர் பெற்றது கண்டு பொறாமை. பின்னது தான் பெற்றதைப் பகிர மனமின்மை. அபிதம்மம் மனத்தின் குணங்களை வகுக்குமிடத்து, பொறாமையை ஆசையின் கூட்டத்தில் வைக்கவில்லை. வெறுப்பின் கூட்டத்தில் வைத்தது. நம் அன்பரின் வினாவுக்கு விடை இங்கே இருக்கின்றது. பொறாமையுடையான் பொருளை வேண்டுபவனல்லன். அது பிறனிடம் இருத்தலைத் தாங்காதவன்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நிகழ்ந்ததைக் காண்போம். நாடாவில் ஊடைநூல் தீர்ந்தால், புதிய தாரை இட்டு, நூல்முனையை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுப்பது அந்நாளைய வழக்கம். தீண்டப்படாதார் எனப்பட்டவர் வாய்வைத்த நாடாவை யாம் தொடோம் என்று பிற நெசவாளர் மறுத்தனர். அதனால் கூலி மிகுந்த நெசவுக்கூடம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அடைக்கப்பட்டு, கூலி குறைந்த நூற்புக்கூடமே விடப்பட்டது. எச்சிலுக்கும் சாதி கண்ட விந்தையை என்னென்பது! 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, இத்தடையை அகற்றவேண்டுமென்று டாக்டர் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களை வற்புறுத்தினார். அது பொறாமையா? அன்று. நெசவாளரின் கூலியைக் குறைக்கும்படி அவர் கேட்டாரில்லை. கதவைத் திறக்கும்படி கேட்டார்.

பொறாமை விளையும் நிலம் வேறு. ஆலையில் உழைத்த காலத்து நாம் கண்டது இது: முதலாளியின் மோட்டாரைக் கண்டு எவரும் உறக்கம் இழந்ததில்லை. ஒரே தெருக்குழாயில் நம்மோடு நீர்பிடித்தவன் மேஸ்திரி ஆனானென்றால், அன்றிரவே "எவன் காலைப் பிடித்தானோ" என்ற பேச்சு எழும். இன்று மேஸ்திரி பதவியின் இடத்தில் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பும் அரசாங்க உத்தியோகமும் வந்திருக்கின்றன. நம் சங்கங்களிலும், மறைப்பானேன், காரியதரிசி பதவியை முன்னிட்டு இது நேர்கின்றது. கதவை அடைத்தவனை மறந்துவிட்டு, திறந்த கதவில் முதலில் நுழைந்த தம்பியை வெறுக்கின்றோம். அடைத்தவனுக்கு நாம் செய்யத்தக்க உதவி இதனினும் பெரிது வேறில்லை.

ஐயம் எழுந்தால் நெஞ்சை இவ்வாறு வினவலாம்: நமக்கு ஒன்றும் வாராமலே அவனுடையது அழிந்துபோனால் மகிழ்வோமா? மகிழ்வோமெனின் அது பொறாமை. இல்லையெனின் நாம் கேட்பது நீதி. அதனைத் தயங்காது கேட்கலாம். மங்கள சுத்தம் போதுமென்ற மனத்தை மங்களங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. அச்சுத்தமே கல்வியையும் தொழில் திறனையும் மங்களங்களாக எண்ணுகின்றது. கைகட்டி நிற்கச் சொல்பவர் கல்வியைப் புகழ்வாரோ?

இந்நோய்க்கு மருந்து முதிதை, அதாவது பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல். முன்னொருகால் காஞ்சியில் வாழ்ந்ததாகத் தாமே குறித்துள்ள புத்தகோச ஆசாரியர், விசுத்திமார்க்கத்தில் இப்பயிற்சியை மிக இனிய தோழனிடம் தொடங்கச் சொல்கின்றார்; பின்னர் வேண்டுதல் வேண்டாமை இல்லாதவனிடம்; அதன்பின்னரே பகைவனிடம். ஆசாரியர் மனித மனம் அறிந்தவர். ஆகவே, மேஸ்திரி ஆனவனை எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்த முயலவேண்டா. நாம் நேசிக்கும் ஒருவர் மகிழ்ந்திருந்த நாளை நினைந்து அமர்க. அம்மகிழ்ச்சி நெஞ்சில் ஊறியபின் அதனை மெல்ல அடுத்த வீட்டின்பால் திருப்புக. சிலருக்கு ஒரு திங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டும் போதாது. இதற்கிடையில் அடுத்த வீட்டுப் பிள்ளை தேர்ச்சிபெற்ற செய்தி வருமாயின், தியானம் முற்றட்டும் என்று காத்திராமல், அன்று மாலையே அவ்வீட்டுக்குச் சென்று பிள்ளையை அருகழைத்து, "என்ன படித்தாய், எவ்வாறு படித்தாய், எம் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பாயா?" என்று கேட்டு வருக.