பயம் சரீரத்தில் பேசும்போது

இந்த மாதம் சபையின் ஆண்பிள்ளைகளோடு மனம் திறந்து பேசும்படி கர்த்தர் என்னை ஏவினார். சகோதரிகளே, நீங்களும் வாசியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் வாய் திறந்து சொல்லாததை நீங்கள்தான் முதலில் காண்பீர்கள்.

2019ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை இராத்திரி. பகலெல்லாம் லேத் பட்டறையில் வேலை செய்துவிட்டு, மறுநாள் செய்திக்காக வேதத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த மாதம் பட்டறையில் ஆர்டர் இல்லை. கடன் தவணை இரண்டு நின்றுபோயிருந்தது. மனைவிக்கும் சொல்லவில்லை, சபை மூப்பருக்கும் சொல்லவில்லை. பாஸ்டர் போய் இதைச் சொல்லலாமா என்று இருந்துவிட்டேன்.

பதினொரு மணி இருக்கும். திடீரென்று உதடு மரத்தது. இடது தாடை வலித்தது. நெஞ்சு அடைத்தது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. கை விரல்கள் தானாக மடங்கி, கோழிக்கால் மாதிரி இறுகிக்கொண்டன. விரிக்கப் பார்க்கிறேன், விரியவில்லை. "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று மனைவி கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. என் கை என் கையாகவே தெரியவில்லை. ஆண்டவரே, என் முடிவு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், விடியும்வரை வைத்துப் பார்த்தார்கள். காலையில் ஒரு இளம் டாக்டர் வந்து, "ஐயா, உங்க இருதயம் நல்லா இருக்கு. இது பானிக் அட்டாக். மனசுல அடக்கி வெச்ச பயம் உடம்புல பேசுது" என்றார். எனக்கு வெட்கமாயிருந்தது. நான் பயந்தவனா?

அவர் பொறுமையாக விளக்கினார். ஆபத்து இல்லாத நேரத்தில் மூளை தவறாக ஆபத்து மணியை அடித்துவிடுகிறது. அட்ரினலின் இரத்தத்தில் பாய்கிறது. இருதயம் படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. அளவுக்கு மிஞ்சி மூச்சு வாங்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் உதடு மரப்பதும், தலை சுற்றுவதும், விரல் மடங்கி இறுகுவதும். சிலருக்குக் காது இரையும், சிலருக்கு வயிறு கலக்கும், சிலருக்குத் தொண்டையில் உருண்டை நிற்பதுபோல இருக்கும், சிலருக்குக் குளிர் நடுக்கம் வரும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும்.

பிரியமானவர்களே, இது புதிய வியாதி அல்ல. 1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போருக்குப் போன சிப்பாய்களைப்பற்றி எழுதினார். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல். ஆனால் அவர்கள் இருதயத்தில் பழுதைக் காணோம். துப்பாக்கி பிடித்த ஆண்பிள்ளைகள் அவர்கள்! இந்த நோய்க்கு மருத்துவ உலகம் தனிப் பெயர் கொடுத்ததோ 1980இல்தான்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். தானியேல் 5ஆம் அதிகாரத்தில் பெல்ஷாத்சார் ராஜாவின் முகம் மாறியது, இடுப்பு தளர்ந்தது, முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதின. அவன் துன்மார்க்கன்தானே என்பீர்கள். அப்படியானால் தாவீதைப் பாருங்கள். சங்கீதம் 38லும் 55லும் தன் இருதயம் படபடத்ததையும், பெலன் போனதையும், கண் இருண்டதையும், நடுக்கம் பிடித்ததையும் மறைக்காமல் எழுதி வைத்தான். கோலியாத்தை விழத்தட்டிய அதே தாவீதுதான்! அவன் கர்த்தரிடம் சொன்னான். நாமோ ஒருவரிடமும் சொல்வதில்லை.

இப்போது என் பாவத்தை அறிக்கையிடுகிறேன். எனக்கு இது வருவதற்கு முந்தின வருஷம் ஒரு சகோதரன் என்னிடம் வந்தார். "பாஸ்டர், கை மரத்துப் போகுது, தொண்டையில ஏதோ நிக்குது. டாக்டர் ஒண்ணுமில்லேங்கறார்" என்றார். நான் அவரை உட்காரவைத்துக் கேட்கவில்லை. "இது பயத்தின் ஆவி, விசுவாசம் பத்தலை, மூணு நாள் உபவாசம் இருங்க" என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் சபைக்கு வரவில்லை. தூக்கம் வருவதற்காகக் குடிக்கிறார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

என் விரல் மடங்கிய பிறகுதான் எனக்குக் கண் திறந்தது. அவர் வீட்டுக்குப் போனேன். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னைக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்து என்னன்னு கேட்டிருந்தாக்கூடப் போதும் பாஸ்டர்" என்றார். தேவ ஜனமே, அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்திருந்தான். தேவதூதன் அவனை அதட்டினானா? இல்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டான். பேச்சு அப்புறம்தான். பவுலோடும் லூக்கா என்ற வைத்தியன் இருந்தான் அல்லவா?

ஆகையால் சகோதரரே, முதலாவது, நெஞ்சு வலித்தால் இது பயம்தான் என்று நீங்களாகவே தீர்மானித்துப் படுத்துவிடாதீர்கள். மாரடைப்பும் இப்படித்தான் வரும். 108ஐக் கூப்பிடுங்கள். தைராய்டு கோளாறும், சர்க்கரை தாழ்வதும்கூட இதே மாதிரி காட்டும், சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது, டாக்டர் பார்த்து இது பானிக்தான் என்று சொன்ன பிறகு மறுபடி வந்தால், உட்காருங்கள். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். இருதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவருக்கு அது ஆபத்து. டீ, காபியைக் குறையுங்கள். மதுவைத் தொடாதீர்கள், போதை இறங்கும்போது பயம் இரட்டிப்பாகத் திரும்பும்.

மூன்றாவது, சிகிச்சை எடுங்கள். பேசி, பயிற்சி கொடுத்துக் குணமாக்கும் முறை உண்டு. மாத்திரையும் உண்டு, அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். விசுவாசத்தின் பேரில் அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416; 2022இல் தொடங்கியது. இலவசம், தமிழிலும் பேசலாம்.

நான்காவது, யாரிடமாவது சொல்லுங்கள். எனக்கு இன்னும் எப்போதாவது வருகிறது. ஆனால் இப்போது மனைவிக்குத் தெரியும், மூப்பருக்குத் தெரியும், கடன் எவ்வளவு என்றும் தெரியும். வந்தாலும் முன்போல் என்னைக் கீழே தள்ளுவதில்லை. அந்தச் சகோதரனும் சிகிச்சையில் இருக்கிறார். சபைக்கு இன்னும் திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் நான்தான் அவர் வீட்டுக்குப் போகிறேன். டீ இல்லாமல் மோர் குடித்துப் பேசிக்கொண்டிருப்போம்.

உங்களில் யாருக்காவது இராத்திரியில் விரல் மடங்குகிறதா? வெட்கப்படாதீர்கள். என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இந்தத் தடவை நான் முதலில் தண்ணீர் கொடுப்பேன், பிறகு கேட்பேன், அதன்பின் இருவருமாய் முழங்கால் படியிடுவோம். கர்த்தர் நம் நடுக்கத்தையும் அறிந்தவர். ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்