ஈரத்தை எங்கே வைத்தோம்?

பண்டாரவளையில் ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சனங்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். மரக்கறி வாங்கியவர்கள் அப்படியே போன் கடைப் பக்கமும் எட்டிப் பார்ப்பார்கள். அவ்வாறான ஒரு ஞாயிறன்று நண்பர் ஒருவரின் கடையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பெண்ணொருவர் தயங்கியபடி உள்ளே வந்தார்.

“நாநா, இதுல சார்ஜ் ஏறுதில்ல. ஒரு வருஷம் வொரண்டின்னு சொன்னீங்களே?”

மேசைக்கு அப்பால் நின்ற பையன் அட்டையைப் புரட்டினான். “ஒரு வருஷம் சொப்ட்வெயாருக்குத்தான் அம்மா. இது ஹாட்வெயார். திருத்தக் காசு வரும். அடுத்த கிழமை வந்து பாருங்க.”

அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாங்கி இரண்டு மாதம்தான் கடந்திருந்தது. போனைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பையன் பொய் சொன்னானா? விற்கும்போது அவன் சொன்னது “ஒரு வருஷம் வொரண்டி”. அட்டையிலும் ஒரு வருடம் என்றுதான் இருக்கிறது. எந்தப் பகுதிக்கு என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் எடுத்துப் பார்த்தால் பொய்யே இல்லை. ஆனாலும் அந்தப் பெண் ஏமாற்றப்பட்டிருக்கிறார். பொய்யில்லாமல் ஏமாற்றுவது எப்படிச் சாத்தியமாகிறது?

தானியக் குவியலுக்குள் நபிகளார் (ஸல்) கையை நுழைத்த சம்பவத்தை நாம் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. மழை பிடித்துவிட்டது என்றார் வியாபாரி. அது உண்மையாகவே இருக்கலாம். மழைக்கு அவர் பொறுப்புமல்ல. மக்கள் காணும்படி ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்பதே அவரிடம் கேட்கப்பட்டது. அவரது வாய் குற்றம் செய்யவில்லை. குவியலை அடுக்கிய கைதான் செய்தது. பாவித்த போனைப் புதுப்பித்துப் புதுப் பெட்டியில் போட்டு விற்பதும், ‘ஒரு வருடம்’ என்பதை உரத்தும் ‘சொப்ட்வெயார்’ என்பதைச் சிறிய எழுத்திலும் சொல்வதும் இதே அடுக்கல்தான்.

நண்பரிடம் பிறகு பேசினேன். அவரது நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். தண்ணீரில் போட்ட போனைத் துடைத்துக்கொண்டு வந்து, சும்மா இருந்த போன் செத்துவிட்டது என்று சத்தியம் செய்கிறார்களாம். உள்ளே நீர் பட்டால் நிறம் மாறும் ஒட்டி சிவந்திருக்குமாம். இதுவும் மோசடியே. வாங்கியவரின் கையில் புதிதாக உண்டான குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல என்றே பிக்ஹும் சொல்கிறது. ஆனால் அந்த ஒட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் கடைக்காரர். வாங்குபவரின் பொய்யைக் கண்டுபிடிக்க அவரிடம் கருவி இருக்கிறது. கடைக்காரரின் மௌனத்தைக் கண்டுபிடிக்கத் தோட்டத்துப் பெண்ணிடம் என்ன இருக்கிறது?

“விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சடித்தால் கடமை தீர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கின்றனர். எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு விற்பதைப் பற்றி இமாம் நவவி மின்ஹாஜில் பேசுகிறார். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அந்த நிபந்தனை ஓரிடத்தில் மட்டுமே விற்பவரைக் காக்கும்: கால்நடையின் உள்ளே மறைந்திருந்து, விற்பவருக்கே தெரியாதிருந்த குறையில். போனின் உட்பாகமும் மாட்டின் வயிறு போல மறைவானதுதானே என்று ஒருவர் வாதிடலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் ‘தெரியாதிருந்த’ என்ற சொல் வழியை மறிக்கிறது. புதுப்பித்த போனைப் புதுப்பித்த போனின் விலைக்குக் கொள்வனவு செய்தவர், தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

நாட்டுச் சட்டமும் இதற்குத் தூரமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்கு அமையாத பொருளைப் பற்றி முறையிடலாம். நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும். ஒரு வருட உத்தரவாதத்தை நம்பி இருப்பவருக்கு அந்தக் கதவு மூன்றே மாதத்தில் சாத்தப்படுகிறது. “அடுத்த கிழமை வந்து பாருங்க” என்பதன் கனம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 40,500 ரூபா போன் முப்பது நாள் கொழுந்து. வேலை நாளொன்றில் பண்டாரவளைக்கு வந்து திரும்பினால் இன்னுமொரு நாள் போய்விடும். அவரிடமிருந்து எடுக்கப்படுவது பணம் மட்டுமல்ல.

ஈரத்தை மேலே வைப்பது பெரிய காரியமல்ல. இது புதியதா, பாவித்ததா, எந்தப் பகுதிக்கு உத்தரவாதம், எத்தனை மாதம். இந்த மூன்றையும் வாங்குபவருக்கு விளங்கும் மொழியில், காசு வாங்குமுன் சொல்வதுதான். சொன்னால் சில போன்கள் விற்காமல் போகும். அந்த நட்டத்தை ஏற்கும் இடத்தில்தான் வியாபாரியின் ஈமான் அளக்கப்படுகிறது.

என் பங்கும் இதில் உண்டு. அன்று அந்த அட்டையை வாசித்துச் சொல்ல எனக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் தேநீரைக் குடித்து முடித்தேன்.